உயரும் கரை, நீளும் மடை: கணிப்பொறி வரைபடத்தில் நிரல்வழிப் பொருள்கள்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்திலுள்ள வீரசோழன் பக்கம் சென்றவர்கள் அறிவார்கள், அது மானாவாரிச் சீமை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கி வைத்தால்தான் நெல்லுக்குத் தண்ணீர். அத்தண்ணீரைத் தாங்கி நிற்பது ஒரு மண் கரை. அந்தக் கரையை அரை மீட்டர் உயர்த்த வேண்டும் என்று ஊரார் முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு மண் வேண்டும்? கரையைத் தவிர வேறு எதை மாற்ற வேண்டும்? இக்கேள்விகளுக்கு விடை காண உதவும் ஒரு முறையை இங்கே பார்ப்போம். அதனை ‘நிரல்வழிப் பொருள்’ என்று அழைக்கலாம்.

சாதாரணமாகக் கணிப்பொறியில் நீங்கள் ஒரு கரையின் குறுக்குவெட்டை வரைந்தால், கணிப்பொறிக்குத் தெரிவது நான்கு கோடுகள் மட்டுமே. அது கரை என்பதோ, அதற்கு உயரம் உண்டு என்பதோ அதற்குத் தெரியாது. உயரத்தை மாற்ற வேண்டுமானால் கோடுகளை அழித்துவிட்டு மீண்டும் வரையவேண்டியதுதான். காகிதத்தில் படும் பாடே திரையிலும்.

கோடுகளுக்குப் பதிலாக, கோடுகள் பிறக்கும் விதியைக் கணிப்பொறியிடம் கொடுத்துவிட்டால் என்ன? இக்கருத்து நமக்குப் புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து முகம், மார்பு, கால் ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக் கொள்வார்கள். வேறு உயரத்துக்கு வேறு ஓலை. மடிக்கும் முறை மட்டும் ஒன்றே. கணிப்பொறியில் இத்தகைய எண்ணத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து. 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரலில், மூலப் படம் ஒன்றை மாற்றினால் அதன் பிரதிகள் யாவும் தாமே மாறின. 1986-இல் ஆட்டோகேட் மென்பொருளில் ‘ஆட்டோலிஸ்ப்’ என்ற நிரல்மொழி சேர்க்கப்பட்டது. 2002-இல் முதன்முதலாக வெளிவந்த ‘ஃப்ரீகேட்’ இன்று எவரும் விலையின்றிப் பெறக்கூடியது. அதில் ‘பைத்தான்’ மொழியில் நமக்கு வேண்டிய பொருளை நாமே படைத்துக் கொள்ளலாம். நம் கரைக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

ஃப்ரீகேட்டில் நாம் எழுதும் நிரலுக்கு முக்கியமான பகுதிகள் இரண்டு. முதற்பகுதி, பொருள் பிறக்கும்போது ஒரே ஒரு முறை இயங்கும். பொருளுக்குரிய பண்புகளை அது அறிவிக்கும். கரைக்குத் தலையகலம், நீர்ப்பக்கச் சரிவு, வெளிப்பக்கச் சரிவு, தலைமட்டம், தரைமட்டங்களின் பட்டியல் ஆகியவை பண்புகள். திரையின் ஓரத்தில் இவை ஒரு பட்டியலாகத் தோன்றும். இரண்டாம் பகுதிக்கு ‘எக்ஸிக்யூட்’ என்று பெயர். பண்பு ஒன்றை மாற்றி மறுகணக்கிடச் சொன்னால் இப்பகுதி இயங்கி, உருவத்தைப் புதிதாக வார்த்துத் தரும். மூன்றாவதாக நிறம், தோற்றம் முதலியவற்றைக் கவனிக்கும் பகுதியும் உண்டு. அது இப்போது நமக்கு வேண்டாம்.

தரைமட்டம் ஏன் பட்டியலாக இருக்கவேண்டும்? கரையின் தலை சமமாக இருக்கும். அடியிலுள்ள தரை சமமாக இராது. கண்மாயின் பள்ளமான இடத்தில் கரை உயரமாகவும், ஓரங்களில் தாழ்வாகவும் இருக்கும். எனவே முப்பது மீட்டருக்கு ஓரிடமாக லெவல் எடுக்கிறோம். ஐந்து இடங்களில் கரை உயரம் 1, 2, 3, 2, 1 மீட்டர் எனக் கொள்வோம். தலையகலம் 2 மீட்டர். நீர்ப்பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, வெளிப்பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு. (விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட அளவுகளே இவை.) இரு சரிவுகளின் கூட்டுத்தொகையில் பாதி 1.75. உயரத்தை 1.75-ஆல் பெருக்கி, அதனுடன் 2-ஐக் கூட்டி, மீண்டும் உயரத்தால் பெருக்கினால் அந்த இடத்தின் வெட்டுப் பரப்பு கிடைக்கும். உயரம் 1 மீட்டரானால் பரப்பு 3.75 சதுர மீட்டர். 2 ஆனால் 11. 3 ஆனால் 21.75. அடுத்தடுத்த இரு பரப்புகளின் சராசரியை 30-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் 120 மீட்டர் கரைக்கு 1,425 கன மீட்டர் மண்.

அவசரக்காரர்கள் ஐந்து உயரங்களின் சராசரியான 1.8 மீட்டரை வைத்து ஒரே கணக்காகப் போட்டுவிடுவார்கள். அதில் கிடைப்பது ஏறக்குறைய 1,112 கன மீட்டர்தான். உயரம் கூடும்போது பரப்பு அதைவிட வேகமாகக் கூடுவதாலும், ஓரத்து உயரங்களுக்கும் நடு உயரங்களுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துவிடுவதாலும் வரும் பிழை இது. நிரலுக்கு அவசரம் கிடையாது. ஐந்து இடங்களானாலும் ஐம்பது இடங்களானாலும் ஒவ்வொன்றாகவே பார்க்கும்.

இனித் தலைமட்டம் என்ற ஒரே எண்ணை அரை மீட்டர் கூட்டுங்கள். உயரங்கள் 1.5, 2.5, 3.5, 2.5, 1.5 ஆகின்றன. மண்ணின் அளவு 2,017.5 கன மீட்டர். அதாவது கூடுதலாக 592.5 கன மீட்டர்! அரை மீட்டர்தானே என்று தொடங்கும் வேலை, முன்பிருந்த மண்ணில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கேட்கிறது.

மடையின் கதை

பள்ளமான இடத்தில் ஒரு மடை இருக்கிறது. அதன் குழாய் கரையின் அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல வேண்டும். 3 மீட்டர் உயரத்தில் கரையின் அடியகலம் 12.5 மீட்டர், 3.5 மீட்டரில் அது 14.25. கரை உயர்ந்ததும் பழைய குழாய் 1.75 மீட்டர் குட்டையாகிவிடுகிறது. நீர்ப்பக்கம் முக்கால் மீட்டரும் வெளிப்பக்கம் ஒரு மீட்டரும் புது மண்ணில் புதைந்துபோகும். எஸ்டிமேட்டில் இதை மறந்தால், மடைவாய் மூடிக்கிடப்பது தண்ணீர் திறக்கும் நாளில்தான் தெரியவரும்.

நிரல்வழிப் பொருளின் அருமை இங்கேதான். மடையை வேறொரு பொருளாகப் படைத்து, ‘இணைப்பு’ என்ற வகைப் பண்பினால் அதைக் கரையோடு பிணைத்துவிடலாம். மடை தன் நீளத்தைக் கரையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். மென்பொருள் முதலில் கரையையும் பிறகு மடையையும் கணக்கிடும். கரை மடையைக் கேட்க, மடை கரையைக் கேட்க என்று வட்டமாகப் பிணைத்துவிட்டால், எதை முதலில் கணக்கிடுவது என்று தெரியாமல் மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும்.

நிரல் அறிவது நாம் எழுதியதை மட்டுமே. கரிசல் மண் கோடையில் வெடிக்கும் என்பது அதற்குத் தெரியாது. சரிவை ஒன்றுக்கு அரை என்று கொடுத்தாலும் அழகாக வரைந்து காட்டும். அந்தக் கரை முதல் மழைக்கே சரியக்கூடும். சரிவு இன்ன அளவுக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனையையும் நிரலிலேயே எழுதிவிடுவது நல்லது.

புதிதாகத் தொடங்குவோரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. ஃப்ரீகேட் கோப்பைச் சேமிக்கும்போது பண்புகளும் கடைசியாக வார்த்த உருவமும் அதில் பதிவாகும். நாம் எழுதிய நிரல் பதிவாகாது. அந்த நிரல் இல்லாத வேறொரு கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால் கரை கண்ணுக்குத் தெரியும், எண்களும் தெரியும். தலைமட்டத்தை மாற்றினால் மட்டும் எதுவும் அசையாது. நிரலைத் தனிக் கோப்பாக எழுதி, வரைபடத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். பெறுபவர் அதை ஃப்ரீகேட் தேடும் இடத்தில் வைத்த பின்பு வரைபடத்தைத் திறந்தால், கரை மீண்டும் எண்ணுக்குக் கட்டுப்படும்.