கடதாசி போனாலும் தடம் போகாது: கல்முனைக் கரையோரத்தில் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

அம்பாறைக் கரையோரத்தில் பழைய கடதாசிகளைப் பற்றிக் கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "எல்லாம் போயிட்டு." 1985இலும் 1990இலும் வன்முறைக்குப் பயந்து ஓடியவர்கள், முஸ்லிம்களானாலும் தமிழர்களானாலும், உடுத்த உடுப்போடு ஓடினார்கள். எஞ்சிய பெட்டிகளை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தவர்கள் 10,000இற்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோர வீதிகளில் ஆட்களோடு ஆவணங்களும் அழிந்தன.

ஆனால் அழிந்தது வீட்டில் இருந்த பிரதி. ஒரு மனிதர் பிறந்தது, படித்தது, கலியாணம் செய்தது, வாக்களித்தது, காணி வாங்கியது ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வேறொரு புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அலுமாரியில் இல்லை. அதனால் எல்லாம் ஒரே நாளில் அழிவதும் இல்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் காணி வழக்கு, ஓய்வூதியம், காணாமற்போனவரின் முறைப்பாடு ஆகியவற்றுக்கான அத்தாட்சியைத் திரட்டலாம். பேரப்பிள்ளைக்கு உம்மும்மாவின் பெயரையும் சொல்லிக் கொடுக்கலாம்.

முதலில் வீட்டுப் பெரியவர்கள்

அலுவலகப் புத்தகங்கள் அடுத்த வருடமும் இருக்கும். எண்பது வயது மூத்தம்மா இருப்பாரா என்று சொல்ல முடியாது. ஆகவே தேடலை அவரிடமிருந்து தொடங்குங்கள். கையடக்கத் தொலைபேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அன்றைய திகதியையும் பேசுபவரின் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

"எந்த வருசம்?" என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. "கல்லோயாக் கலவரத்துக்கு முன்னமா, பிறகா?" என்று கேட்டால் வரும். 1956 ஜூன் கல்லோயாக் கலவரம், 1957 டிசம்பர் பெருவெள்ளம், 1978 நவம்பர் சூறாவளி, 1987 இந்திய அமைதிப்படையின் வருகை, 1990, சுனாமி என்பவை இந்தப் பகுதியின் நினைவு நாட்காட்டி. "நோன்புக்குள்ள பிறந்த" என்று சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நோன்பு மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்வதால், அது மழைக்காலமா வெயில் காலமா என்று தெரிந்தாலே ஆண்டை ஓரளவு கணிக்கலாம்.

வீட்டில் பழைய குர்ஆன் பிரதியோ கிதாபுகளோ தப்பியிருந்தால் அவற்றின் முதல், கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பிள்ளைகள் பிறந்த நாளை அங்கே எழுதி வைக்கும் வழக்கம் இருந்தது. எழுத்து அரபாக இருந்தாலும் மொழி தமிழாக இருக்கலாம். அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த மௌலவி ஒருவரிடம் காட்டுங்கள்.

அம்பாறை என்று தேடாதீர்கள்

தேடுபவர்கள் பலர் தடுக்கி நிற்கும் இடம் இது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் உருவானது. அதற்கு முன் இந்தக் கரையோரம் முழுவதும் மட்டக்களப்பு மாவட்டம். பழைய உறுதியில் கல்முனை "கரவாகுப்பற்று" என்ற பிரிவுக்குள் வரும். நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்பனவும் அப்படியே. இன்று அதே பகுதி கல்முனை, கல்முனை வடக்கு, சாய்ந்தமருது என்று வெவ்வேறு அலுவலகங்களின் கீழ் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் "இல்லை" என்று சொன்னால், அந்த ஆண்டில் அந்த ஊர் எந்தப் பிரிவில் இருந்தது என்று கேளுங்கள்.

பிறப்பு, விவாகம், மரணம்

பிறப்பும் மரணமும் அவை நடந்த இடத்தின் பதிவாளர் பிரிவில் பதியப்படும். குடும்பம் வசித்த ஊர் வேறாக இருக்கலாம். சாய்ந்தமருதுப் பிள்ளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு மட்டக்களப்பில்தான் இருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்தவர்களுக்கு இது மிக முக்கியம். பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவு இலக்கம் தெரியாவிட்டால், தேட வேண்டிய காலத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் சற்றுக் கூடும்.

பிறப்புச் சான்றிதழில் பலர் கவனிக்காத ஒரு கூடு உண்டு. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழான படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதப்படும். பிரஜாவுரிமையை நிரூபிக்க வந்த அந்தக் கூடு இன்று குடும்ப வரலாற்றுக்குப் பொக்கிஷம். ஒரே தாளில் மூன்று தலைமுறை கிடைக்கிறது. மரணச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் தகவல் கொடுத்தவரின் உறவுமுறையும் இருக்கும்.

பிறப்பே பதியப்படாத முதியவர்களுக்கு "உத்தேச வயதுச் சான்றிதழ்" வழங்கப்பட்டிருக்கும். அதிலுள்ள திகதியை உண்மையான பிறந்தநாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பப் பதிவில் "உத்தேசம்" என்றே எழுதுங்கள்.

முஸ்லிம் விவாகங்கள் தனிச் சட்டத்தின் கீழ், முஸ்லிம் விவாகப் பதிவாளர்களால் பதியப்படுகின்றன. இப்போதைய சட்டம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருந்தது. மணமக்களின் பெயரோடு வலியின் பெயரும் மஹரும் இந்தப் பதிவில் வரும். வலி பெண்ணின் வாப்பாவாகவோ, வாப்பா மௌத்தானால் அடுத்த ஆண் உறவினராகவோ இருப்பார். எனவே வலி யார் என்பதே ஓர் உறவுச் சான்று. பதிவு கிடைக்காவிட்டால் கலியாணம் நடக்கவில்லை என்று பொருளல்ல. பதியப்படாததால் மட்டும் நிக்காஹ் செல்லாமல் போவதில்லை என்பதைச் சட்டமே ஏற்கிறது. விவாகரத்து, தாபரிப்பு விடயங்கள் இருந்தால் காதி நீதிமன்றக் கோவைகளையும் விசாரியுங்கள்.

உம்மா வழியைக் காட்டுவது காணி உறுதி

மேலே சொன்ன பதிவுகள் பெரும்பாலும் வாப்பா வழியைச் சொல்பவை. வாப்பா, அவருடைய வாப்பா என்று போகும். ஆனால் இந்தக் கரையோரத்தின் வாழ்க்கை உம்மா வழியில் நடந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தார். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போயின. ஆண்கள் ஊர் மாறினார்கள். பெண்கள் வளவு மாறவில்லை. ஆகவே உம்மும்மாவின் உம்மாவைத் தேடுபவர் பிறப்புப் பதிவில் தொலைத்ததைக் காணி உறுதியில் கண்டெடுக்கலாம்.

உறுதி எழுதிய நொத்தாரிசு அதன் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வீட்டிலிருந்த உறுதி கடலோடு போனாலும் பிரதி அங்கே இருக்க வேண்டும். உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பக்கத்து வளவுக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் காணி எல்லையாகக் குறிப்பிடப்பட்டு, அன்றைய சொந்தக்காரியின் பெயர் இருக்கலாம். கல்முனைக் காணிப் பதிவகத்தில் தொடங்கி, தேவையானால் மட்டக்களப்புக்குப் போங்கள்.

வயல் இருந்த குடும்பங்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. கமநல சேவை நிலையத்தின் விவசாயக் காணி இடாப்பில், எந்த வட்டையில் யாருடைய வயலை யார் செய்தார் என்பது இருக்கும். அரச காணியாக இருந்தால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய பேர்மிட்டின் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும். அதில் பின்னுரித்தாளராக நியமிக்கப்பட்டவரின் பெயரும் உறவுமுறையும் எழுதப்பட்டிருக்கும்.

பாடசாலை, வாக்காளர் இடாப்பு, அடையாள அட்டை

பாடசாலைச் சேர்விடாப்பில் பிள்ளையின் பிறந்த திகதி, தாய் அல்லது தகப்பனின் பெயர், முகவரி, முன்பு படித்த பாடசாலை ஆகியவை கிடைக்கும். ஓடிப்போன குடும்பம் எந்த ஊரில் தங்கியது என்பதைச் சில நேரம் இது ஒன்றுதான் சொல்லும். அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வாக்காளர் இடாப்பு வீடு வீடாக எழுதப்படுவது. ஒரு வீட்டில் ஓர் ஆண்டில் வாழ்ந்த வயது வந்தவர்கள் எல்லோரும், ஆணும் பெண்ணும், ஒரே இலக்கத்தின் கீழ் வருவார்கள். 1989 இடாப்பையும் அதன் பின்னான இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வீதி எப்படி வெறுமையானது என்பது தெரியும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்று எங்காவது, வங்கிப் புத்தகத்திலோ முறைப்பாட்டுப் பிரதியிலோ, இருந்தால் அதிலிருந்தே பிறந்த திகதியை எடுக்கலாம். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 48532 என்று தொடங்கினால் 1948இல் பிறந்த பெண். 532இல் 500 கழித்தால் 32ஆவது நாள், அதாவது பெப்ரவரி 1. இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பள்ளிவாசலும் குடியும்

ஜும்ஆப் பள்ளிவாசல்களில் சந்தாக் கணக்கு, நிக்காஹ் குறிப்பு, ஜனாஸாக் குறிப்பு இருக்கலாம். குடிக்கு ஒரு மரைக்கார் என்று நிர்வாகம் அமைந்த ஊர்களில், பழைய மரைக்கார்மாரின் பெயர்ப் பட்டியல் குடும்ப மரத்தின் ஒரு கிளை. குடி உம்மா வழியில் வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் தவிர்க்கப்பட்டது. "நாங்கள் எந்தக் குடி?" என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பல தலைமுறைப் பெண்களை இணைக்கும் நூல் கையில் கிடைத்த மாதிரி. மீஸான் கட்டைகளில் பெரும்பாலும் பெயர் இருக்காது. யாருடைய கபுர் எது என்று தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே மையவாடியின் வரைபடம் ஒன்றைக் கீறிக்கொள்ளுங்கள்.

இந்தக் குடி முறை பற்றி விரிவாக எழுதியவர் மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்தார். தமிழ், முஸ்லிம் இரு சமூகங்களையும் பற்றிய அவரது ஆங்கில நூல் 2008இல் வெளிவந்தது. தமிழில் வி.சீ. கந்தையாவின் "மட்டக்களப்புத் தமிழகம்" 1964இல் வந்தது. ஊர் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பழைய பத்திரிகைகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் தேடலாம்; முஸ்லிம்கள் தொடர்பான ஆவணங்களுக்குத் தனித் தொகுப்பும் அங்கே உண்டு. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

காணாமற்போனவர்கள்

சில குடும்பங்களின் வரலாற்றில் ஒரு பெயருக்கு எதிரே முடிவுத் திகதி இல்லை. சுனாமியில் உடல் கிடைக்காதவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாட்டுச் சட்டம் மரணப் பதிவுக்கு வழி செய்தது. யுத்தத்தில் காணாமற்போனவர்களுக்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. மரணம் என்று எழுத மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக 2016இல் செய்த திருத்தம், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. காணாமற்போனோர் அலுவலகத்தின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பில் உள்ளது. எதைப் பெறுவது என்பது குடும்பத்தின் முடிவு. எதைப் பெற்றாலும் பொலிஸ் முறைப்பாடு, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் படிவம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோவையில் வையுங்கள். அவையும் அந்த மனிதர் வாழ்ந்ததற்கான அத்தாட்சிதான்.

பெயரும் பாதுகாப்பும்

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒரே ஆள் உறுதியில் "மீராலெப்பை", பாடசாலையில் "மீரா லெவ்வை", ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல், சிங்களத்தில் இன்னொன்று என்று இருப்பார். கண்ட எல்லா வடிவங்களையும் எந்த ஆவணத்தில் கண்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். முன்னெழுத்துகளை விரித்து எழுதுங்கள். அவற்றுக்குள்தான் வாப்பாவும் மூத்தவாப்பாவும் ஒளிந்திருக்கிறார்கள். ஊர்ப் பட்டப்பெயரையும் விட வேண்டாம்.

அலுவலகம் பதில் தராமல் இழுத்தடித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "பதிவேடு அழிந்துவிட்டது" என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பின்னர் ஒரு வழக்கில் அந்தக் கடிதமே உதவும்.

ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும், முத்திரை தெரியப் படம் எடுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று கடலுக்கு எட்டாத ஊரிலுள்ள உறவினரிடம், ஒன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கத்தையும் உறுதியையும் முகநூலில் போட வேண்டாம். 1985ஐயும் 1990ஐயும் பற்றிப் பேசுபவரிடம், அதை யாரெல்லாம் கேட்கலாம் என்ற சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் வீட்டில் மூத்தவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "உங்கட உம்மும்மா எந்த வளவில இருந்தா? வாப்பாவ எந்த ஊரில இருந்து மாப்பிள எடுத்த?" பதிலை எழுதி, திகதி போட்டு வையுங்கள். உங்கள் கோவையின் முதல் தாள் அதுவாக இருக்கட்டும்.