ஊர்களின் சிறப்புப்பெயர்கள்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகையாகப் பகுப்பர் இலக்கண நூலார். ஓர் ஊரின் இயற்பெயர் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது எனத் துணிதல் எளிதன்று. காரணம் இருந்திருப்பினும் அது காலவெள்ளத்தில் கரைந்து போயிருத்தல் கூடும். ஆனால் மக்கள் வியப்பாலோ பற்றாலோ இட்டு வழங்கும் சிறப்புப்பெயர் முற்றும் காரணப்பெயரே ஆகும். நம் பாரத நாட்டில் இத்தகைய இரண்டாம் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர்கள் பல. அப்பெயர்களை ஆராயின், ஒரு காலத்து உண்மை அவற்றில் உறைந்து கிடத்தலைக் காணலாம். அவ்வுண்மை இன்றும் உளதோ என்பது வேறு வினா.

இவ்வழக்கம் புதிதன்று. மதுரை மாநகர் கூடல் என்றும், நான்மாடக்கூடல் என்றும், ஆலவாய் என்றும் பண்டே பல பெயர்களால் போற்றப்பட்டது. அந்நகரில் பகலில் கூடிய நாளங்காடியையும் இரவில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. இக்காலத்தார் அதனைத் ‘தூங்கா நகரம்’ என்கின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது. இங்ஙனம் பெயரும் காரணமும் நெடுங்காலம் இணைபிரியாது வாழும் பேறு எல்லா ஊர்களுக்கும் வாய்ப்பதில்லை.

இராசபுத்திரர் நாட்டில் செய்ப்பூர் என்னும் நகரம் உள்ளது. 1727-ஆம் ஆண்டில் இரண்டாம் சவாய் செய்சிங் மன்னர் அதனை அமைத்தார். வித்யாதர பட்டாச்சாரியர் என்னும் வங்காள அறிஞர் அதன் அமைப்பை வகுப்பதில் மன்னர்க்குத் துணைநின்றார். நேரிய வீதிகளும் அகன்ற சதுக்கங்களும் அளந்து வகுக்கப்பட்ட அந்நகரம் இன்று ‘இளஞ்சிவப்பு நகரம்’ எனப் பெயர் பெற்றுள்ளது. ஆனால் நகரமைத்த மன்னர் இப்பெயரை அறியார். 1876-ஆம் ஆண்டில் ஆங்கில இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டு அந்நகருக்கு வருகை தந்தபொழுது, அவரை வரவேற்கும் பொருட்டு இராம்சிங் மன்னர் வீதி முகப்புகளுக்கெல்லாம் ஒரே வண்ணம் தீட்டச் செய்தார். விருந்தினர் சில நாளில் சென்றுவிட்டார். வண்ணமோ நூற்றைம்பது ஆண்டுகளாக நிலைத்துவிட்டது. கூர்ந்து நோக்குவார்க்கு அது காவிக்கல்லின் செம்மை என்றே தோன்றும். எனினும் உலகம் அதனை இளஞ்சிவப்பு என்றே வழங்கிவிட்டது. ஒருவரது வருகைக்காகப் பூசிய பூச்சே நகரின் அடையாளமாயிற்று. 2019-இல் அப்பழைய நகர்ப்பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

மலைநகரங்களின் செய்தி நகைச்சுவை உடையது. உதகமண்டலம் ‘மலைகளின் அரசி’ எனப்படும். முசௌரியும் அப்பெயராலேயே அழைக்கப்படும். டார்ஜிலிங்கும் அவ்வரியணைக்கு உரிமை கோரும். ஓர் அரியணைக்கு அரசியர் மூவர் இருப்பினும் அவர்களுக்குள் போர் மூண்டதில்லை.

முத்தின் பெயரால் விளங்கும் ஊர்கள் இரண்டு. ஐதராபாத்து ‘முத்துகளின் நகரம்’ எனப் புகழப்படுகின்றது. அவ்வூருக்குக் கடல் நெடுந்தொலைவு. பாரசீக வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துகளை வாங்கித் துளையிட்டு, தரம் பிரித்து, கோத்து விற்ற கைத்திறத்தாலும், அவற்றை விரும்பி அணிந்த நிசாம் மன்னர்களின் செல்வத்தாலும் அப்பெயர் எய்திற்று. தூத்துக்குடியும் ‘முத்துநகர்’ ஆகும். அங்குக் கடலும் உண்டு. கொற்கைக் காலந்தொட்டு முத்துக்குளித்த மரபும் உண்டு. ஆயினும் அங்கு நிகழ்ந்து வந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. கடலில்லா ஊரில் முத்து விற்கின்றது. கடலுள்ள ஊரில் முத்தின் பெயரே எஞ்சி நிற்கின்றது.

பெயர் ஓர் ஊரைப் பழிப்பதுபோல் நிற்பதும் உண்டு. பெங்களூர் ‘பூங்கா நகரம்’ எனப் புகழ்பெற்றது. ஐதர் அலி 1760-ஆம் ஆண்டில் தொடங்கிய இலால்பாக்குத் தோட்டமும், 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவும், மர நிழல் படிந்த சாலைகளும் அப்பெயருக்குச் சான்று பகர்ந்தன. மரங்களினும் சிறந்த செல்வம் ஒன்று அந்நகருக்கு இருந்தது. அஃது ஏரிகளின் தொகுதி. பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டுநிலத்தில் மழைநீரைத் தேக்கி வாழ முன்னோர் வெட்டிய ஏரிகள் அவை. நகரம் பெருகப் பெருக அவை ஒவ்வொன்றாய் மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கம் ஆயிற்று. எஞ்சிய ஏரிகளிலும் கழிவுநீர் கலந்தது. பெல்லந்தூர் ஏரி 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தீப்பற்றி எரிந்தது. நீரில் தீ எழுதல் புலவர் கற்பனைக்கு உரியது என்று எண்ணியிருந்தோர் அதனைக் கண்ணாரக் கண்டனர். இன்று அந்நகரின் குடிநீரில் பெரும்பகுதி ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காவிரியிலிருந்து மேட்டின்மேல் ஏற்றிக் கொணரப்படுகின்றது. பூங்கா நகரம் என்னும் பெயர் மட்டும் வாடவில்லை.

இனி, இரவல் பெயர்களைக் காண்போம். இங்கிலாந்து நாட்டு மான்செஸ்டர் நகரம் பஞ்சாலைத் தொழிலில் உலகப்புகழ் பெற்றிருந்தது. அதன் பெயரால் அகமதாபாத்து ‘இந்தியாவின் மான்செஸ்டர்’ எனவும், கோயம்புத்தூர் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ எனவும் அழைக்கப்பட்டன. இப்பெயர்கள் புகழ்ச்சி போலத் தோன்றும். ஆயினும் வரலாறு அறிந்தார்க்கு இதில் ஒரு முரண் புலனாகும். மான்செஸ்டரின் துணிகளே நம் நாட்டுத் தறிகளை வீழ்த்தியவை. அகமதாபாத்தின் முதல் ஆலையை இரஞ்சோட்லால் சோட்டாலால் நிறுவினார். அந்நாளில் அவ்வூருக்கு இருப்புப்பாதை இல்லை. கப்பலில் வந்த பொறிகள் காம்பே துறையில் இறக்கப்பட்டு மாட்டு வண்டிகளில் ஊர் சேர்ந்தன. 1861-இல் ஆலை இயங்கத் தொடங்கிற்று. இந்திய ஆலைகள் தலைதூக்கக் கண்ட ஆங்கில ஆலை முதலாளிகள் அரசை நெருக்கினர். அதன் பயனாக, 1896-ஆம் ஆண்டில் இந்திய ஆலைத்துணிமீது நூற்றுக்கு மூன்றரை வீதம் வரி விதிக்கப்பட்டது. சொந்த மண்ணில் நெய்த துணிக்குச் சொந்த மண்ணிலேயே செலுத்திய வரி அது! 1920-களின் இடைப்பகுதி வரையிலும் அது நீங்கவில்லை. போட்டியாளனின் பெயரையே நமக்குப் பட்டமாகச் சூட்டிக்கொண்டோம் என்பது எண்ணத்தக்கது.

அகமதாபாத்தின் ஆலைகளுக்கு அப்பெயரில் அடங்காத பெருமை ஒன்றும் உண்டு. 1918-இல் அங்கு ஆலைத் தொழிலாளர் நூற்றுக்கு முப்பத்தைந்து கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபொழுது, காந்தியடிகள் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்தம் உறுதி தளரக் கண்டு உண்ணாநோன்பும் மேற்கொண்டார். மூன்றாம் நாள் இருதரத்தாரும் இணங்கி, வழக்கை நடுவரிடம் விட்டனர். மான்செஸ்டர் என்னும் சொல்லில் இவ்வரலாற்றைத் தேடினால் கிடைக்குமோ?

காலம் அனைவரையும் ஒப்பவே நடத்திற்று. 1980-களிலும் அதன் பின்னும் அகமதாபாத்தின் ஆலைகள் பல மூடப்பட்டன. அதற்கு முன்னரே, 1968-ஆம் ஆண்டில், மான்செஸ்டரின் புகழ்வாய்ந்த பஞ்சு வணிகக் கூடம் தன் வாணிகத்தை நிறுத்திக்கொண்டது. அணியிலக்கண மரபில் கூறுவதாயின், உவமானம் அழிந்த பின்னரும் உவமேயம் அதன் பெயரைச் சுமக்கின்றது. கோவையின் நிலை சற்று வேறு. 1888-இல் முதல் ஆலை தோன்றிய அந்நகரம், 1930-களில் பைக்காரா மின்னாற்றல் வந்ததும் விரைந்து வளர்ந்தது. நூலோடு நில்லாது நீரேற்று மோட்டார்களும் மாவரைக்கும் கிரைண்டர்களும் செய்யும் ஊராயிற்று. இவற்றையெல்லாம் மான்செஸ்டர் என்னும் பெயர் குறிப்பதில்லை. ஊரார் அதுபற்றிக் கவலை கொண்டதாகவும் தெரியவில்லை.

மற்றோர் இரவல் பெயர் சிவகாசிக்கு உரியது. ‘குட்டி ஜப்பான்’ என்று அவ்வூரை நேரு பெருமகனார் பாராட்டினார் என்பர். ஒரு காலத்தில் நம் நாட்டினர் பயன்படுத்திய தீப்பெட்டிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்து குவிந்தன. மழை குன்றிய கரிசல் நிலத்துச் சிற்றூரான சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். வேளாண்மைக்குப் பகையான வறண்ட வெயில் இத்தொழிலுக்கு உறவாயிற்று. தீப்பெட்டியைப் பட்டாசு பின்தொடர்ந்தது. பெட்டிகளுக்கு ஒட்டும் படங்களின் தேவையால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது. நாடெங்கும் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகள் மிகப்பல அவ்வூரில் அச்சானவையே.

இப்பெயரின் பின்னும் மறைந்த பக்கம் ஒன்று உண்டு. தீக்குச்சி அடுக்கிய விரல்களுள் பல, எழுதுகோல் பிடிக்க வேண்டிய சிறுவர் சிறுமியரின் விரல்கள். அவ்வூர்த் தொழிலகங்களின் சிறுவர் உழைப்பைப் பற்றிய வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாகப் பணியில் அமர்த்தப்பட்ட சிறுவர் ஒவ்வொருவருக்கும் இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளிகள் நல நிதிக்குச் செலுத்துதல் வேண்டும் என அத்தீர்ப்பு விதித்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தபொழுது முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உதவி செய்ய ஓடிச்சென்ற ஊர்மக்களும் அவர்களுள் அடங்குவர்.