நுரையீரல் அறுவைச் சிகிச்சை: காயத்தைக் காக்கும் நம் சொந்தச் சதை



"நுரையீரலில் கெட்டுப்போன பகுதியை எடுக்க வேண்டும், கூடவே கொஞ்சம் சதையை உள்ளே வைத்துத் தைப்போம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. யாருடைய சதை? அது எதற்கு?

நுரையீரலுக்குக் காற்று மூச்சுக்குழாய் வழியாகப் போகிறது. கெட்ட பகுதியை எடுத்தபின் அக்குழாயின் வெட்டிய முனையைத் தைத்து மூடுவார்கள். அம்முனை ஆறாமல் பிரிந்தால் காற்று நெஞ்சறைக்குள் கசியும். கிருமி புகுந்து சீழ் கட்டும். இது உயிருக்கே ஆபத்து. காசநோய், சர்க்கரை நோய், சத்துக்குறைவு, புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும், ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம்.

எனவே இத்தகையவர்களுக்கு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை, முதுகுத் தசை அல்லது வயிற்றுக் கொழுப்புச் சவ்வு இவற்றில் ஒன்றை, அதன் ரத்தக் குழாய் அறுபடாமல் திருப்பிக் கொண்டுவந்து அந்த முனைமேல் போர்த்தித் தைக்கிறார்கள். ரத்த ஓட்டமுள்ள உயிர்ச்சதை என்பதால் புண் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் அது உதவுகிறது. இது நோயாளியின் சொந்த உடல்; பிறர் உறுப்பு அன்று. சில சமயம் தையலுக்கு வலுச் சேர்க்க விலங்குச் சவ்வால் ஆன பொருளும் பயன்படுவதுண்டு. அதுபற்றி ஐயமிருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள்.

தாம்பரம் காசநோய் மருத்துவமனை 1928-இல் தொடங்கியது. நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ரீவ் பெட்ஸ் 1949-இல் நெஞ்சு அறுவைத் துறையை ஏற்படுத்தினார். ஆகவே இந்தச் சிகிச்சைக்கு நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவைக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு அலுவலரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• பீடி, சிகரெட்டை அறுவைக்கு முன்பே நிறுத்துங்கள்.

• முட்டை, மீன், பருப்பு, பால் தவறாமல் கொடுங்கள்.

• சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள்.

• காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

• ரமலான் வந்தால் டாக்டரிடமும் ஆலிமிடமும் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைக் குணமானபின் களாச் செய்யலாம்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், திடீரென நீர்போலவோ ரத்தம் கலந்தோ நிறையச் சளி வருதல், கழுத்திலோ நெஞ்சிலோ தோல் உப்புதல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.