சுளுக்கா, முறிவா?

மும்பையில் மழைக்காலம் ஏறக்குறைய நான்கு மாதம் நீடிப்பது. அக்காலத்தில் அணுசக்தி நகரின் நடைபாதைகளிலும், செம்பூர், மாதுங்கா ரயில் நிலையப் படிகளிலும், தாராவியின் குறுகிய சந்துகளிலும் கால் வழுக்கிப் பாதம் மடங்குவது எளிது. "வெறும் சுளுக்குத்தான்" என்று எண்ணெய் தடவி உருவிவிடுதல் நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். அது சுளுக்காக இல்லாமல் எலும்பு முறிவாக இருந்துவிட்டால் விளைவு என்ன?

கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் கவைபோல் அமைந்து, பாதத்தின் மேலுள்ள கணு எலும்பை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. கணுக்காலின் இரு பக்கத்திலும் புடைத்து நிற்பவை அந்தக் கவையின் முனைகளே. பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பினால், அம்முனைகள் முறியக்கூடும். கணு எலும்பு 1 மில்லிமீட்டர் வெளிப்புறமாக விலகினாலே, எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 விழுக்காடு குறைகிறது என்று 1976-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எஞ்சிய சிறு பரப்பின்மீது உடலின் முழுப்பாரமும் விழுவதால், மூட்டு விரைவில் தேய்ந்து, நாட்பட்ட வலி தொடரலாம்.

முறிவை ஐயுறுவதற்குரிய குறிகளைக் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்தனர். புடைத்த முனைகளின் நுனியிலோ, பின்விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரம் வரையிலோ எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்டவுடனும் பின்னரும் நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இவற்றுள் ஒன்று இருப்பினும் எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும். நடக்க முடிகிறது என்பது மட்டும் போதிய சான்றாகாது. நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்கள் வலியை அளவுகோலாகக் கொள்ளலாகாது.

முதற்கண் செய்யத்தக்கவை எளியவை. வீக்கம் பெருகுமுன் மெட்டியையும் கொலுசையும் கழற்றிவிடுக. காலைத் தலையணைமேல் உயர்த்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். உருவுதலும் இழுத்தலும் கூடவே கூடா. பாதம் கோணியிருந்தாலும், குளிர்ந்து வெளுத்தாலும், எலும்பு வெளித்தெரிந்தாலும் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்க.

அணுசக்தித் துறை ஊழியர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் அணுசக்தி நகரிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மருத்துவமனை உள்ளது. தாராவி, மாதுங்கா வாசிகளுக்குச் சயான் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை அண்மையிலிருக்கிறது.

எலும்பு விலகாத முறிவுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் மாவுக்கட்டோ தாங்கு காலணியோ பெரும்பாலும் போதும். மூட்டு விலகியிருப்பின் எலும்பை நேர்ப்படுத்தி, பொதுவாக உலோகத் தகடும் திருகாணியும் கொண்டு அறுவைச் சிகிச்சையால் பொருத்துவர். கட்டுக்குள் விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி மிகுந்தாலோ உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

சொந்த ஊர் சென்று புத்தூர் கட்டுப் போட்டுக்கொள்ளலாமென ரயிலேறுவோரும் உளர். ஊர்மேல் உள்ள பற்று இயல்பே. ஆயினும், விலகிய எலும்பு எந்நிலையிலுள்ளது என்பதைக் கையால் தடவி அறிதல் அரிது. படமே அதைக் காட்டும். நாள் கடந்தபின் கோணலாகக் கூடிய எலும்பைச் சீராக்குவது பன்மடங்கு கடினம். ஆதலின், முதலில் படம், பிறகே கட்டு.