காஞ்சியை விட்டுப் போன இரண்டு அணிகள்

காஞ்சிபுரம் என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். கோவில் நினைவுக்கு வரும். கிரிக்கெட் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் அந்த ஊர்ப் பெயரில் இரண்டு கிரிக்கெட் அணிகள் இருந்தன. இரண்டும் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன!

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016-ம் ஆண்டு "தமிழ்நாடு பிரீமியர் லீக்" போட்டியைத் தொடங்கியது. மொத்தம் 8 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஓர் ஊர்ப் பெயர். ஒவ்வோர் அணிக்கும் பணம் போட்ட முதலாளி உண்டு.

முதல் ஆண்டில் "ரூபி காஞ்சி வாரியர்ஸ்" ஆடியது. மறு ஆண்டே அது "ரூபி திருச்சி வாரியர்ஸ்" ஆகிவிட்டது. ரூபி என்பது முதலாளி தரப்பின் பெயர். ஊர்ப் பெயர் போயிற்று, ரூபி போகவில்லை. அணி யாருடையது என்பது இதிலேயே தெரிகிறது அல்லவா?

வந்ததும் போனது

2018-ல் காஞ்சிக்கு மறுபடியும் ஓர் அணி கிடைத்தது. "திருவள்ளூர் வீரன்ஸ்" என்று இருந்த அணி "காஞ்சி வீரன்ஸ்" ஆனது. காஞ்சிக்கு லாபம், திருவள்ளூருக்கு நஷ்டம்.

இதன் முதலாளி, இந்தியாவுக்காக ஆடிய பழைய தொடக்க ஆட்டக்காரர் வி.பி.சந்திரசேகர். 2019 ஆகஸ்டு 15-ந் தேதி அவர் காலமானார். அந்த ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்ததும் அதே நாளில்தான்.

2020-ல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2021-ல் பார்த்தால், காஞ்சி வீரன்ஸ் "நெல்லை ராயல் கிங்ஸ்" ஆகியிருந்தது. காஞ்சிக்கு மீண்டும் வெறும் கை!

தூத்துக்குடி கதை இன்னும் வேடிக்கை. 2016-ல் முதல் கோப்பையை வென்றதே தூத்துக்குடி அணிதான். இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் அணியை 122 ரன்னில் தோற்கடித்தது. அந்த அணி பிறகு சேலத்துக்குப் போய்விட்டது. காரைக்குடி அணி திருப்பூருக்குப் போனது.

அமெரிக்காவில் நடந்த ரகளை

கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான பேஸ்பால் ஆட்டத்தில் இது பழைய வழக்கம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் "செனட்டர்ஸ்" அணி 1960-ம் ஆண்டோடு மின்னசோட்டாவுக்குப் போனது. அதே பெயரில் புது அணி ஒன்று 1961-ல் வந்தது. அதுவும் 1971-ம் ஆண்டோடு டெக்சாசுக்குப் புறப்பட்டது.

கடைசி ஆட்டம் 1971 செப்டம்பர் 30-ந் தேதி. வாஷிங்டன் 7-5 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஜனங்கள் மைதானத்துக்குள் பாய்ந்துவிட்டார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. ஜெயிக்க வேண்டிய வாஷிங்டன் தோற்றதாக அறிவிக்கப்பட்டது! அடுத்த அணி அந்த ஊருக்கு வந்தது 2005-ல்தான். அதுவும் கனடாவின் மான்ட்ரீல் நகரம் இழந்த அணி.

காஞ்சியில் இப்படி யாரும் மைதானத்தில் இறங்கவில்லை. எப்படி இறங்குவார்கள்? இறங்க மைதானமே இல்லையே! 2019 வரை போட்டிகள் நடந்தவை மூன்றே இடங்களில்: சென்னைச் சேப்பாக்கம், திண்டுக்கல் பக்கம் நத்தம், நெல்லை பக்கம் சங்கர்நகர். காஞ்சி அணி காஞ்சியில் ஆடியதே கிடையாது. சட்டையில் மட்டும் இருந்த ஊர்ப் பெயரை மாற்ற ஒரு தையற்காரர் போதும்.

நெல்லைக்கு அடித்த யோகம்

நெல்லைக்கோ சங்கர்நகர் மைதானம் இருந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம்தான். ஆனால் முதல் ஆண்டு அங்கேயும் ஏமாற்றம். 2021-ல் எல்லா ஆட்டங்களும் கொரோனா காரணமாகச் சேப்பாக்கத்தில், ஆள் இல்லாத மைதானத்தில் நடந்தன.

மறு ஆண்டு முதல் ஆட்டமே சங்கர்நகரில். நெல்லையும் சேப்பாக்கமும் சமமாக ரன் எடுத்து, "சூப்பர் ஓவர்" வரை போய், நெல்லை வென்றது. 2023-ல் இறுதி ஆட்டமும் அதே மைதானத்தில்தான். எதிரி கோவை அணி. ஊரே பார்க்க, நெல்லை 104 ரன்னில் தோற்றது.