நந்தனாருக்கு நெருப்பு எதற்கு?

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். காய்வதற்கு நாள் பிடிக்கும். ஆனால் வேடிக்கை பார்ப்பவர் கண்ணில் படுவது நெருப்பு மட்டும்தான். ஞானம் பெற்றவர்களின் கதைகளையும் நாம் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கிறோம்.

1896-இல் மதுரையில் 16 வயது வேங்கடராமனைத் திடீரென மரண பயம் பிடித்தது. உடலைக் கட்டைபோல் கிடத்தி, சாவது எது என்று உள்ளே தேடினார். சற்று நேரத்தில் பயம் போயே போய்விட்டது. பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். அந்த அனுபவத்துக்கு யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை.

நம் மாவட்டத்து ஆதனூர் நந்தனாரிடம் கேட்டார்கள். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போனது. ஆள் வெளியே நின்றார். தில்லையில் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்தார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். (கொடுமைக்கார வேதியர் பண்ணையார் அதில் இல்லை, அவர் 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்தவர்.) 'நாளைப் போவேன்' என்று ஏங்கியபோதே நந்தனார் கண்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். நெருப்பு தேவைப்பட்டது வாசலில் நின்றவர்களுக்கு.

சீனத்துப் பௌத்த மரபிலும் இப்படி ஒருவர் உண்டு. 7-ஆம் நூற்றாண்டின் ஹுயிநெங், எழுதப் படிக்கத் தெரியாத விறகு வியாபாரி. யாரோ சூத்திரம் ஓதியது காதில் விழுந்ததும் மனம் விழித்தது. மடத்துக்குப் போனால், தெற்கத்திக் காட்டானுக்குப் புத்தநிலையா என்று கேள்வி. மனிதரில் வடக்கு தெற்கு உண்டு, புத்த இயல்பில் ஏது என்று திருப்பிக் கேட்டாராம். நெல் குத்தும் வேலைக்கு அனுப்பப்பட்ட அவரே பிறகு ஆறாவது குருவானார். தீயில் இறங்கச் சொல்லவில்லை.

1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றதையும், 1956-இல் நாகபுரியில் அம்பேத்கர் ஏற்றதையும் இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் ஞானம் மின்னல் அல்ல. நான்கு வாரத் தியானத்தில் படிப்படியாக வருவது. அதற்குமுன் கௌதமர் 40 நாளுக்கு உணவு சேர்த்துக்கொண்டதையும் மறக்காமல் எழுதுகிறார்.

இன்று கோயங்கா மரபு விபாசனா முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. விரும்பினால் முடிவில் நன்கொடை தரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் 10 நாள் அங்கேயே தங்க வேண்டும். பட்டறைக்குப் போகும் பெண்ணுக்கு அது 10 நாள் கூலி. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய 10 நாளும்கூட.