தீயில் வீடு இழந்த கமக்காரரின் குடும்ப வரவு செலவு

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெருங்காடுகள் இல்லை. ஆயினும் தீயின் அச்சம் எமக்கு உண்டு. கோடையிலே பனங்கூடலிற் பற்றும் தீ, சோழகக் காற்றோடு ஓலை வேலிக்குத் தாவும். வேலியிலிருந்து வைக்கோற் போருக்கும், அங்கிருந்து குசினிக்கும் வீட்டுக் கூரைக்கும் செல்லும். ஒரு நாழிகைக்குள் யாவும் சாம்பராகிவிடும்.

கமக்காரர் இழப்பது வீடு மாத்திரமன்று. காலபோக அறுவடையில் விதைக்கென ஒதுக்கிய நெல்லும், பிடிபிடியாகக் கட்டித் தூக்கிய விதை வெங்காயமும் அக்கூரையின் கீழேயே இருந்தன. ஆகவே வீட்டோடு அடுத்த போகமும் எரிந்துவிடுகின்றது. இந்நிலையிற் கையிலுள்ள பணத்தை முதலில் உணவுக்கும், அடுத்து விதைக்கும், அதன் பின்னரே வீட்டுக்கும் செலவிடல் வேண்டும்.

முதல் வாரத்திற் செய்யவேண்டியவை

1. கிராம அலுவலருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் உடனே அறிவித்து, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்க. அது பின்னர் பல அலுவலகங்களில் வேண்டப்படும்.

2. வீட்டார் எல்லோரும் கூடியிருந்து, எரிந்த பொருள்களை அறை அறையாக நினைவுகூர்ந்து பெறுமதியுடன் எழுதுக. விதை, தெளிகருவி, மண்வெட்டி முதலியவற்றை மறந்துவிட வேண்டாம்.

3. உறுதி எரிந்தாற் காணி போய்விட்டதென அஞ்சவேண்டாம். பதியப்பட்ட உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திற் பெறலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் மூலம் விண்ணப்பிக்க.

4. கருகிய நாணயத்தாள்களை எறிந்துவிடாது, உதிராதபடி பெட்டியில் வைத்து வங்கியிற் காட்டுக.

விதைக்கு முதலிடம்

உறவினர் தந்தது, நிவாரணமாகக் கிடைத்தது, பால் விற்றது ஆகிய எல்லா வரவையும் ஒரே கொப்பியில் எழுதுக. அதிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டியதை மாதந்தோறும் கணக்கிட்டு ஒதுக்குக. அடுத்து விதைப்பணத்தை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ தனியாக வைப்பிலிடுக.

ஓர் ஏக்கர் வயலுக்கு விதைநெல் 2 புசல், அதாவது ஏறத்தாழ 42 கிலோ, போதும். அதன் விலை நல்ல மரக்கதவு ஒன்றின் விலையிலும் குறைந்தது. ஆயினும் புரட்டாதியில் அந்த 2 புசல் கையில் இல்லாவிடின், தையிற் சோறும் இல்லை, வீடு கட்டப் பணமும் இல்லை. மாரிக்கு முன் ஒரு தகரக் கொட்டில் அமைத்துக்கொள்க. கல்வீட்டை அறுவடைக்குப் பின் தொடங்கலாம்.

கடனும் ஒற்றியும்

நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டிக்கு 1,00,000 ரூபா பெற்றால், ஓராண்டு வட்டி மாத்திரம் 60,000 ரூபா. முதலோ அப்படியே நிற்கும். தோட்டத்தை ஒற்றி வைத்தலோ இதனிலும் கொடிது. தேசவழமைப்படி, ஒற்றி கொண்டவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவைப் பெறுகின்றார். நான் அறிந்த ஒருவர் 8 பரப்புத் தோட்டத்தை ஒற்றி வைத்து வீட்டுக்கு அத்திவாரம் இட்டார். மறு ஆண்டு அத்தோட்டத்திலேயே கூலிக்கு வெங்காயம் நட்டார். அத்திவாரத்தின் மேற் சுவர் எழவில்லை.

கடன் தவிர்க்க முடியாததாயின் வங்கியையோ சிக்கனக் கடனுதவிச் சங்கத்தையோ நாடி, அறுவடை மாதத்தைத் தவணையாகக் கேட்க. முன்னரே கடன் இருப்பின், தவணை தவறுமுன் சென்று நிலைமையைக் கூறுக. நகை இருப்பின் வங்கியில் அடகு வைக்கலாம். அதனை மீட்பது எளிது. இறைப்பு இயந்திரத்தையும் கறவைப்பசுவையும் மாத்திரம் விற்க வேண்டாம்.

தீ வருமுன்

வைக்கோற் போரை வீட்டுக்கும் வேலிக்கும் எட்டத்தில் அமைக்க. பங்குனிக்குள் வேலியோரச் சருகுகளைக் கூட்டி எருக்குழியில் இடுக. விதையிற் பாதியை உடன்பிறந்தார் வீட்டில் வைக்க; அவர் விதையிற் பாதியை நீங்கள் வைத்துக்கொள்க. உறுதிகளின் பிரதிகளையும் அவ்வாறே மாற்றி வைத்தல் நன்று. இதற்குச் செலவு எதுவும் இல்லை; இவ்வாண்டுச் சோழகம் எழுமுன் செய்துகொள்க.